ஒற்றைப்படை

மைனஸ் பதினொன்று.
ரீகாவின் பெரிய சந்தையில்
ஐந்து கொட்டகைகளுக்கும் வெளியே,
டிராம் திரும்புகிற பக்கம் என் கடை.
கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி.
உள்ளே பூக்கள். பூக்களுக்கு நடுவே
இரண்டு மெழுகுவர்த்தி.
பார்க்கிறவர்கள் பிரார்த்தனை என்று நினைத்து
குரலைத் தாழ்த்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள்.
பூ உறைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.
எனக்கென்று எதுவும் எரிவதில்லை.
மூன்று ஜோடிக் காலுறை, ஒரு குடுவைத் தேநீர்,
அதில் பக்கத்துக் கடை ஔஸ்மா
கேட்காமலே ஊற்றுகிற கறுப்புச் சாராயம்.

பூ விற்பவள் என்று
வரிப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.
உண்மையில் எண்ணுகிறவள்.
உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படை,
ஒன்று, மூன்று, ஐந்து.
இரட்டைப்படை இறந்தவர்களுக்கு.
யார் வகுத்தது, தெரியாது.
பாதிரியார் சொன்னதில்லை, பாடப் புத்தகத்திலும் இல்லை.
ஆனாலும் மாமியார் கையில்
நான்கு ரோஜா கொடுத்துப் பாருங்கள்.

யாருக்கு என்று கேட்க மாட்டேன்.
எத்தனை என்று மட்டும்.
ஏழு என்றால் பிறந்தநாள், இல்லையேல் மன்னிப்பு.
ஒன்று கேட்கிற பையனுக்கு
குளிரில்லாத நாளிலும் காது சிவந்திருக்கும்.
பத்து என்று ஒருவர் சொன்னால்
காகிதத்தைச் சரசரக்காமல் மடிப்பேன்,
சில்லறையை ஓசைப்படாமல் வைப்பேன்.

வெளிநாட்டு மாணவர்கள் பன்னிரண்டு கேட்பார்கள்.
பேசாமல் ஒன்றை உருவிக்கொள்வேன்.
பணம் பன்னிரண்டுக்கு.
காதலைக் காப்பாற்ற
அது ஒன்றும் பெரிய தொகை இல்லை.

செப்டம்பர் ஒன்றாம் தேதி மட்டும் எண்ண முடியாது.
பள்ளி திறக்கும். டீச்சருக்குக் கொடுக்க
தம்மைவிட உயரமான கிளாடியோலஸைத்
துப்பாக்கிபோல் தோளில் சாய்த்துப் பிள்ளைகள் போவார்கள்.
ஒரு வருடம் ஒருத்தி நான்கோடு போய்விட்டாள்.
இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை.
அந்த டீச்சர் இப்போதும்
வாராவாரம் வந்து பேரம் பேசுகிறார்.

நேற்று விளக்குப் போடும் நேரம்
ஒரு பெண் வந்தாள். கூட ஒரு சிறுமி,
கையுறைகள் ஒரே கயிற்றில் கோத்துக்
கழுத்திலிருந்து தொங்கின.
'வெள்ளைச் சாமந்தி. ஆறு.'
காகிதத்தைச் சரசரக்காமல் மடித்தேன்.

பர்ஸில் தாய் துழாவுகிற நேரத்தில்
சிறுமி ஒன்றை உருவிவிட்டாள்.
பூ தரையைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்தாள்,
இந்த ஊர்ப் பெரியவர்கள் பிடிக்கிற மாதிரியே.
'இது எனக்கு.'
'தார்த்தா, வை.'
'அப்பாவுக்கு அஞ்சு போதும்.'

ஔஸ்மா இருமினாள்.
நான் பெட்டியைத் திறந்தேன்.
காற்றில் சுடர் இரண்டும் படுத்து எழுந்தன.
இன்னொன்றை எடுத்தேன்,
காசு வேண்டாம் என்று சொல்லத் தயாராக.
எண்ணைச் சரிசெய்வதுதானே என் பிழைப்பு.

அவள் காகிதத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.
உதடு அசைய ஒரு தடவை எண்ணினாள்.
'இருக்கட்டும்' என்றாள்.
'அவருக்கு எப்பவும் கணக்கு வராது.
ரொட்டிக்கு அனுப்பினால்
மீதிச் சில்லறை ஒரு நாளும் சரியாக வந்ததில்லை.'
சிரித்தாள் என்று நினைக்கிறேன்,
சால்வை மூக்குவரை ஏறியிருந்தது.

டிராம் வந்தது.
ஐந்தோடு அவள் ஏறினாள்.
படி உயரம் என்பதால்
பூவை வாயில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து
சிறுமி ஏறினாள்.

என் கையில் நின்றுபோனதை
வாளிக்குத் திருப்ப மனம் வரவில்லை.
ஔஸ்மாவிடம் நீட்டினேன்.
'வெள்ளையா? நான் இன்னும் போகலை.'
'ஒன்றுதானே.'
வாங்கி, முகர்ந்து, மணமில்லை என்றாள்.
பிறகு அதன் தண்டால்
திரியைச் சுற்றித் தேங்கிய மெழுகைச் சுரண்டினாள்.
சாய்ந்திருந்த சுடர்
கொஞ்சம் நிமிர்ந்தது.